சிப்பாய் வாத்தியார்

விடுதியுள்ள பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனார் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது படிப்பைப் பற்றி அல்ல; சாப்பாட்டைப் பற்றியும் அல்ல. (அதைத் தாயார் விசாரித்துக் கொள்வாள்.) "கண்டிப்பு எப்படி, ஸார்?" என்பதுதான் அவருடைய கேள்வி. வீட்டிலே தம்மால் வைக்க முடியாத கண்டிப்பை, மாதம் இவ்வளவு என்று பணம் கட்டி வெளியூரில் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடையே வெகு நாளாக வேரூன்றியிருக்கிறது. அதனால்தான் 2010-ஆம் வருஷத்தில் எங்கள் பள்ளிக்கூட நிர்வாகிகள், விடுதிக்கு ஒரு பழைய பட்டாளத்துக்காரரை நியமிப்பதென்று தீர்மானித்தார்கள். விளம்பரத் துண்டுகளில் 'ராணுவக் கட்டுப்பாடு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுவிட்டு, அதற்குப் பிறகே ஆளைத் தேடத் தொடங்கினார்கள்.

நான் அந்த நியமனத்தை எதிர்த்தவன். எனக்கு அப்போது முப்பது வயது. பூகோளமும் சரித்திரமும் போதித்துக்கொண்டு, விடுதியின் உதவிக் காப்பாளனாகவும் இருந்தேன். புதிய தேசப் படங்கள் வாங்க மூன்று வருஷமாகப் பணம் கேட்டுக் கிடைக்காதவனுக்கு, டிரில் மாஸ்டருக்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது என்று கோபம் வருமா, வராதா? அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது; அது சற்றுக் கௌரவமான காரணம் என்று அப்போது எண்ணியிருந்தேன். மனிதர்களைச் சுடுவதற்குப் பழக்கப்பட்டவர் கையில் பதினோரு வயதுக் குழந்தைகளை ஒப்புவிக்கலாமா என்பதே அது.

வந்து சேர்ந்தவரைப் பார்த்ததும் நிர்வாகிகளுக்குத்தான் ஏமாற்றம். முறுக்கு மீசை இல்லை. இடி முழக்கம் போன்ற குரல் இல்லை. ஒல்லியான தேகம், நரைக்கத் தொடங்கிய தலை. மதராஸ் ரெஜிமெண்டில் இருபத்து நான்கு வருஷம் சேவை செய்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், வயது நாற்பத்திரண்டுதான். கையில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. அதன் மூடியில் வெள்ளை வர்ணத்தால் எழுதியிருந்த அவருடைய நம்பரும் பெயரும் பாதி அழிந்திருந்தன. பிள்ளைகள் அன்று சாயங்காலத்திற்குள் அவருக்கு 'ஹவில்தார் ஸார்' என்று நாமகரணம் செய்துவிட்டார்கள்.

ஜூன் மாதத்து முதல் ராத்திரி எந்த விடுதியிலும் பொல்லாத ராத்திரி. ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் பகலெல்லாம் ஓடி விளையாடிவிட்டு, விளக்கை அணைத்த பத்தாவது நிமிஷம் ஆரம்பிப்பார்கள். ஒருவன் விசும்பினால் போதும். வரிசையாகப் படுத்திருக்கும் முப்பது பேருக்கும் அது தொற்றிக்கொள்ளும். எங்கள் பழைய முறை, கதவுக்கு வெளியே நின்று "யாரடா அங்கே?" என்று அதட்டுவது. அதட்டலுக்குப் பிறகு சத்தம் நின்றுவிடும். அழுகை நின்றதா என்று யாரும் பார்த்ததில்லை.

ஹவில்தார் ஸார் அன்று ராத்திரி வராந்தா விளக்கை அணைக்கவில்லை. அறைக்குள்ளிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தம்முடைய பூட்ஸுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தார். ஒரு பேச்சும் பேசவில்லை. அந்த ஜோடி முடிந்ததும், வாசலில் கிடந்த பிள்ளைகளின் ஜோடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்தார். பிரஷ் தேய்க்கிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பதினொன்றரை மணி சுமாருக்குக் கடைசிப் பையனும் தூங்கிப்போனான்.

மறுநாள் காரணம் கேட்டேன். 1986-இல், பதினெட்டாவது வயதில், நீலகிரியில் வெல்லிங்டன் பயிற்சி நிலையத்துக்கு அவர் போன முதல் ராத்திரியில் கம்பளிக்குள் தலையை மூடிக்கொண்டு அழுதாராம். அங்கே ஒரு கிழட்டு ஹவில்தார் இப்படித்தான் விளக்கைப் போட்டுக்கொண்டு பூட்ஸ் துடைத்தாராம். "யாரோ ஒருத்தர் முழித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் போதும், ஸார். தூக்கம் வந்துவிடும்" என்றார். சர்வகலாசாலையில் நான் உபாத்தியாயப் பயிற்சி பெற்றபோது குழந்தைகளின் மனோதத்துவம் என்று தடித்த புத்தகம் ஒன்று படித்தேன். அதில் இது இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அது என் தொழில் கர்வத்தைப் பற்றியது. பூகோளத்தில் சம உயரக் கோடுகள் என்று ஒரு பாடம் உண்டு. கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, 'இதுதான் மலை' என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? வருஷா வருஷம் நான் வரைவேன். வருஷா வருஷம் அவர்கள் மனப்பாடம் பண்ணுவார்கள். ஒரு நாள் மைதானத்தின் மூலையில் ஹவில்தார் ஸார் ஈர மணலைக் குவித்து ஒரு மலை செய்துகொண்டிருந்தார். பட்டாளத்தில் தாக்குதலுக்கு முன்னால் அந்தப் பிரதேசத்தை மணலில் அமைத்துக் காட்டித்தான் சிப்பாய்களுக்கு விளக்குவார்களாம். ஒரு குச்சியில் நாலு நாலு விரல் உயரத்துக்கு அடையாளம் வைத்து, மணல் மலையைச் சுற்றிலும் ஒவ்வோர் உயரத்திலும் கோலப்பொடியால் கோடு போட்டார். பிறகு பையன்களை மதில்மேல் ஏற்றி, மேலிருந்து பார்க்கச் சொன்னார். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கியிருந்தன; சரிவான பக்கத்தில் விலகியிருந்தன. "எந்தப் பக்கம் ஏறினால் மூச்சு வாங்கும்?" என்று கேட்டார். முப்பது கைகள் ஒரே பக்கத்தைக் காட்டின. அன்று முதல் அந்தப் பாடத்தை நான் மைதானத்தில்தான் நடத்துகிறேன்.

பையன்கள் அவரிடம் யுத்தக் கதை கேட்பார்கள். அவர் கழுதையின் பிடிவாதம், லடாக் பனியில் வேகாத பருப்பு, சமையற்காரரின் சாமர்த்தியம் என்று இவற்றைச் சொல்லிச் சிரிக்க வைப்பாரே தவிர, துப்பாக்கிச் சத்தம் வரும் கதை ஒன்றும் சொல்ல மாட்டார். அவருடைய ரெஜிமெண்டுக்கு ஒரு போர் முழக்கம் உண்டு. 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது அது. எப்படியோ இதைத் தெரிந்துகொண்ட ஒன்பதாம் வகுப்புப் பையன்கள், விளையாட்டு விழாவில் அதைச் சொல்லிக்கொண்டு அணிவகுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். எனக்குக்கூடப் பிரமாதமாகத்தான் இருக்குமென்று தோன்றிற்று. அவர் மட்டும், "அது அங்கே சொல்கிறது. இங்கே வேண்டாம், கண்ணு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இப்படியாக ஒரு மனிதரோடு பல வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், அவரைப் பற்றிச் சரியாக யோசிக்க என்னைத் தூண்டியது ஒரு வெளிநாட்டு மரணச் செய்திதான். 2019 ஜனவரி 2-ஆம் தேதி லாகூரில் ஜெப்ரி லாங்லாண்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் 101-ஆவது வயதில் காலமானார். பத்திரிகைகள் அவருடைய வாழ்க்கையை விஸ்தாரமாக எழுதியிருந்தன. 'இங்கிலீஷ்காரன், அதுவும் பாகிஸ்தானில் வாழ்ந்தவன்; அவன் கதை நமக்கெதற்கு?' என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் பக்கத்தைப் புரட்டப் பார்த்தேன்.

அவர் 1917-இல் ஹல் என்னும் துறைமுகப் பட்டணத்தில், இரட்டைப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். மறு வருஷமே, உலகத்தை வாரிக்கொண்டு போன விஷ ஜுரத்துக்குத் தகப்பனார் பலியானார். தாயாரும் சிறு வயதிலேயே போய்விட்டாள். படிப்பு முடிந்ததும் லண்டனுக்குப் பக்கத்தில் கிராய்டன் என்ற ஊரில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1939-இல் யுத்தம் வந்தது. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1942 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்கரையில் டியெப் என்ற இடத்தில் நேசக் கட்சியார் நடத்திய தாக்குதல் பெரும் நாசத்தில் முடிந்தது அல்லவா? அதில் கமாண்டோவாகப் போய்த் திரும்பியவர்களில் இவர் ஒருவர். 1944-இல் இந்தியாவுக்கு வந்தார். முதலில் வந்து இறங்கியது நமக்கு அடுத்த வீடான பெங்களூரில். 1947-இல் தேசம் இரண்டாகப் பிரிந்தபோது சைன்யமும் பிரிந்தது. இவர் பாகிஸ்தான் சைன்யத்தில் பயிற்சி கொடுக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார்.

சில வருஷங்களில் ஆங்கிலேய அதிகாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். அப்போதைய சேனாதிபதி அயூப் கான், இவரை உபாத்தியாயராக அங்கேயே தங்கும்படி சொன்னார். லாகூரில் எய்ட்சிஸன் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 1886-இல் ராஜாக்கள், ஜமீன்தார்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக வெள்ளைக்காரர் ஏற்படுத்திய விடுதிப் பள்ளிக்கூடம் அது. 1979 வரையில் கால் நூற்றாண்டு அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தார். 2018 முதல் 2022 வரை பாகிஸ்தானின் பிரதம மந்திரியாயிருந்த இம்ரான் கான் அவரிடம் படித்தவர்களில் ஒருவர். இதைத்தான் எல்லாப் பத்திரிகைகளும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தன. என்னைக் கேட்டால், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லி அவர்கள் மந்திரியாவது பெரிய ஆச்சரியமில்லை. கணக்கு வராவிட்டாலும் அவர்களில் சிலர் மந்திரியாகியே இருப்பார்கள்.

ஆச்சரியம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அறுபத்தோராவது வயதில், மற்றவர்கள் சாய்வு நாற்காலி தேடும் சமயத்தில், அவர் வடக்கு வஜீரிஸ்தானத்து மலைகளில் ரஜ்மாக் என்ற இடத்திலிருந்த விடுதிக் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். ரஜ்மாக் என்பது என்ன? ஆங்கிலேயர் காலத்தில் மலைஜாதியாரை அடக்குவதற்கென்று பட்டாளங்களைக் குவித்து வைத்திருந்த தண்டு. அந்த மலைகளில் சண்டை ஓய்ந்த காலமே குறைவு. எந்த இடத்திலிருந்து ஆங்கிலேயப் பீரங்கிகள் அந்த ஜனங்களின் பாட்டன்மாரைச் சுட்டனவோ, அதே இடத்தில் பள்ளிக்கூடம் வந்தது. அந்தப் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஒரு பழைய ஆங்கிலேயச் சிப்பாய் போய் உட்கார்ந்தார். 1988-இல் மலைஜாதியார் சிலர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆறு நாள் வைத்திருந்தார்கள். ஏதோ தேர்தல் தகராறு. அவர்மேல் விரோதம் ஒன்றுமில்லை. விடுதலையானதும் அவர் கப்பலேறவில்லை. மறு வருஷம் இன்னும் வடக்கே, ஹிந்துகுஷ் மலைச் சாரலில் சித்ராலுக்குப் போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தைத் தொண்ணூறு வயது கடந்தும் நடத்தினார். அங்கே பெண் குழந்தைகளும் படித்தார்கள்.

அவரிடம் குறையில்லையா என்றால், உண்டு. ஆங்கிலேய விடுதிப் பள்ளிக்கூடத்தின் அச்சை எடுத்து ஹிந்துகுஷ் மலையில் வார்க்க வேண்டுமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான். தொண்ணூற்றைந்து வயது சுமாருக்குப் பொறுப்பை ஒரு ஆங்கில மாதிடம் ஒப்புவித்தார். பிறகு அந்த அம்மாளோடு பகிரங்கமாகவே மனஸ்தாபம் ஏற்பட்டது. சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வாத்தியார்களுக்கே உள்ள வியாதி. எனக்கும் அது வரும் அறிகுறிகள் தென்படுவதாக என் மனைவி சொல்கிறாள்.

லாங்லாண்ட்ஸின் கதையைப் படித்து முடித்ததும் என் மனம் ரஜ்மாக்கில் நிற்கவில்லை. 2012-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டது. இத்தனை காலமும் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் மண்டபம் முகாமிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். அப்போது அதை அகதி முகாம் என்பார்கள்; 2021 முதல் சர்க்கார் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிறது. அவனுடைய தகப்பனார் 1990-இல் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர். பையன் முகாமிலேயே பிறந்தவன். கெட்டிக்காரன், ஹவில்தார் ஸாரின் அணிவகுப்பில் முதல் வரிசை.

சுதந்திர தின விழாவுக்கு ஹவில்தார் ஸார் பதக்கங்களை அணிந்துகொண்டு வர வேண்டுமென்று நிர்வாகிகள் விரும்பினார்கள். அவரை அறிமுகப்படுத்திப் பேசத் தலைமை உபாத்தியாயருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவன் நான். எங்கெங்கே சேவை செய்தார் என்று அவரிடமே கேட்டேன். காஷ்மீரம், லடாக், இன்னும் சில இடங்களைச் சொன்னார். சற்றுத் தயங்கி, 1987-இல் யாழ்ப்பாணம் என்றும் சொன்னார். "அதெல்லாம் எதற்கு, ஸார்? விட்டுவிடுங்கள்" என்றார். நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். சரித்திர வாத்தியாரல்லவா! 'இலங்கையில் அமைதி காத்த நமது வீரர்' என்று அழகாக எழுதினேன். தலைமை உபாத்தியாயர் அதை ஒலிபெருக்கியில் கணீரென்று வாசித்தார்.

பெற்றோர் வரிசையில் அந்தத் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். கைதட்டல் அடங்குவதற்குள் எழுந்து, பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அரை மணிக்குப் பிறகு என் அறைக்கு வந்தார்.

"பிள்ளையை விடுங்கோ, சேர். கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. 1987 அக்டோபரில் அவருடைய தமையனார் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு இறந்தாராம். சுட்டது இந்தியப் பட்டாளம். அவர் ஆத்திரமாகப் பேசவில்லை. தேதியைச் சொன்னார், கிழமையைச் சொன்னார். நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். ஒப்பந்தம், சர்க்காரின் உத்தரவு, இரு தரப்பிலும் நஷ்டம் என்றெல்லாம், வகுப்பிலே சொல்லுகிற சங்கதிகள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பேச்சு நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில் ஹவில்தார் ஸார் வாசற்படியில் வந்து நின்றார். சட்டையில் பதக்கங்கள் இல்லை. "ஐயா, ஒரு நிமிஷம் வெளியே வருகிறீர்களா?" என்றார். இருவரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பனார்தான் அதிக நேரம் பேசினார். ஹவில்தார் ஸார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலை குனியாமல், மேலதிகாரியின் முன் நிற்பது போல நின்று கேட்டார். அவர்கள் கை குலுக்கவில்லை, தழுவிக்கொள்ளவும் இல்லை. தகப்பனார் திரும்பி வந்து, "இந்த வருஷம் படிக்கட்டும். ஆனால் அவன் அந்த டிரில்லுக்கு வரமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பையன் டிரில்லுக்கு வரவில்லை. ஹவில்தார் ஸார் அவனுக்கு ஆஜர் இல்லையென்று ஒரு நாளும் குறிக்கவுமில்லை. அந்த நேரத்தில் சும்மா நிற்கிற பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று, மணி அடிக்கிற வேலையை அவனுக்குக் கொடுக்கும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார். மணி அடிக்கிறவனுக்குக் கடிகாரம் வேண்டும். தம்முடைய பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கழற்றி, என் மூலமாகக் கொடுக்கச் சொன்னார். யாருடையது என்று நான் சொல்லவில்லை. பையனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மரத்தடியில் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதில்லை. வெகு நாளைக்குப் பிறகு, ஒரு மழை ராத்திரியில், அவராகவே கொஞ்சம் சொன்னார். வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போது, பாஷை தெரிந்தவன் என்று அவரைத்தான் முன்னால் அனுப்புவார்களாம். அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. "கதவைத் தட்டி, 'பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது' என்று தமிழிலே சொல்வேன், ஸார். சில வீட்டில் நான் சொன்னபடி ஒன்றும் ஆகவில்லை" என்றார். மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்லவில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. அவர்களை வரவேற்க மாகாண முதல் மந்திரி வரவில்லை என்பதைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. அதைப் பற்றி அவருக்கு வருத்தமுண்டா என்று கேட்டேன். "எங்களில் ஆயிரத்துக்கு மேலே திரும்பி வரவில்லை, ஸார். அவர்களுக்காக வந்திருக்கலாம். எனக்காக வந்திருக்க வேண்டியதில்லை" என்றார்.

தாம் செய்ததற்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்த வேலைக்கு வந்தார் என்று எழுதினால் கட்டுரைக்கு எடுப்பாக இருக்கும். வாஸ்தவம் அதுவல்ல. பென்ஷன் போதவில்லை, பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது, அதனால் வந்தார், அவரே சொல்லியிருக்கிறார். லாங்லாண்ட்ஸும் ஏதோ விரதம் எடுத்துக்கொண்டு தங்கினார் என்று நான் நினைக்கவில்லை. தெரிந்த வேலை ஒன்று அகப்பட்டது. ஊரில் காத்திருக்கத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆனால் எந்தக் காரணத்துக்காக உட்கார்ந்தாலும், வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வந்து எதிரே உட்கார்ந்துவிடுகிறார்களே!

அந்தப் பையன் 2017-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிப் போனான். போகிற அன்று கடிகாரத்தைக் காகிதத்தில் சுற்றி என் மேஜையில் வைத்துவிட்டு, "அவரிடம் கொடுத்துவிடுங்கள், ஸார்" என்றான். 'அவர்' யாரென்று நான் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹவில்தார் ஸார் அதைக் காதோடு வைத்துக் கேட்டு, தம் கைபேசியில் மணியைச் சரிபார்த்தார்.

"ஒரு நிமிஷம்கூடத் தப்பில்லாமல் வைத்திருக்கிறான்" என்றார்.

இந்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு இருபத்தெட்டுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இப்போது மின்சார மணி. ஜூன் மாதத்து முதல் ராத்திரி, பத்து மணிக்கு நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வராந்தாவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முக்காலியின் பக்கத்தில் சின்னஞ்சிறு ஜோடுகள் குவிந்திருந்தன. அவருக்கு இப்போது கண் பார்வை கொஞ்சம் மங்கல். பிரஷ் எங்கே என்று தடவிக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து ஒரு ஜோட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.